இருபத்தேழாயிரம் டாலர்

அம்மா போன மறு வருடம்
அப்பா பண்ணையை விற்றார்.
வாங்கியவரும் அவர்தான்.

இன்வர்கார்கிலில் அன்று ஆலங்கட்டி மழை.
வக்கீல் பெத்தரம் மூன்று நாற்காலிகளை
இழுத்துப் போட்டு விளக்கினார்:
இதில் கொடுப்பவர், இதில் காப்பவர், இதில் அனுபவிப்பவர்.
அப்பா மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்.
கடைசி நாற்காலியின் ஓரத்தில்
எனக்கும் லாக்லனுக்கும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

விலை ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.
பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத டிரஸ்டிடம்
ஏது பணம்?
அப்பாவுக்குக் கடன்பட்டது அது.
வருடத்துக்கு இருபத்தேழாயிரம்வரை
வரியில்லாமல் மன்னிக்கலாம் என்றது அன்றைய சட்டம்.
அதற்கு மேல் மன்னித்தால்
அரசாங்கத்துக்கும் பங்கு.

ஆக, ஒவ்வொரு மார்ச்சிலும்,
கிடாக்களை மந்தையில் விடுவதற்குச் சற்று முன்,
சமையலறை மேசைக்கு அந்தத் தாள் வரும்.
கம்பளிப் பிசுக்குப் போகாத விரல்களால்
மன்னித்தேன் என்று கையெழுத்திடுவார்.
சாட்சி, அடுத்த பண்ணை ஹியூ மெக்கிர்டி.
தேநீர் குடிப்பார், தேதி போடுவார்,
யாரை, எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

லாக்லனுக்குக் குவீன்ஸ்டவுனில் படகுத் தொழில்.
இரண்டு ஜெட் படகு, மூன்றாவதன்மேல் கண்.
வங்கி கேட்டது நிலத்தை.
"என்னுடையதா அது, எடுத்துக் கொடுக்க?" என்றார் அப்பா,
முழங்கால்வரை அந்த நிலத்தின் சேற்றோடு நின்றுகொண்டு.
பத்திரத்தைப் படித்தால் அது பொய்யில்லை.
லாக்லன் படித்தது முகத்தை.
கதவைக்கூடச் சாத்தாமல் போனான்.

ஏழு மாதத்தில் படகுகள் ஏலத்துக்கு வந்தன.
பிறகு கோப்புகளோடு இரண்டு பேர் இங்கே வந்தார்கள்,
நகரத்துச் செருப்பில், ஆட்டுப் புழுக்கை பார்த்து நடந்து.
லாக்லனின் பங்கு எது?
பங்கென்று ஒன்றில்லை என்றார் பெத்தரம்.
காப்பவர்கள் தருவதாகத் தீர்மானிக்கும்வரை
அவனுக்கு இங்கிருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே.
எதிர்பார்ப்பை யாரும் ஏலம் விட முடியாது.
மலைச்சரிவு, கத்தரிப்புக் கொட்டகை, ஆயிரத்து நானூறு ஆடு,
ஒரு முள்வேலிக் கம்பிகூடப் போகவில்லை.

நிலம் பத்திரம்.
நாங்கள் மூவரும்
மூன்று தபால் முகவரி.

இரண்டாயிரத்து ஒன்பதில் இருபதாவது தாள்.
மீதிக் கடன் பூஜ்யம்.
அடுத்த மார்ச்சில் தாள் எதுவும் வரவில்லை.
ஆனாலும் அந்த வாரம் ஹியூ வந்தார்.
இருவரும் தேநீர் குடித்தார்கள்.

போன ஜூனில், உறைபனி விழுந்த ஒரு காலையில்,
அப்பா இறந்தார்.
சொந்தப் பேரில் அவரிடம் இருந்தவை:
ஒரு தொப்பி, பிரேக் பிடிக்காத ஒரு யூட் வண்டி,
வங்கியில் முந்நூற்றுப் பதினொரு டாலர்,
யார் விசிலுக்கும் இப்போது எழாத ஒரு நாய்.

மேசையின் அடி இழுப்பறையில்
இருபத்தோராவது தாள்.
அதே பழைய படிவம். டிரஸ்ட் என்ற சொல்லை அடித்துவிட்டு
லாக்லன் என்று எழுதியிருந்தார்.
தொகைக்கான கட்டம் காலி.
கையெழுத்து அவருடையது.
சாட்சிக்கான கோட்டில் எதுவுமில்லை;
ஹியூ அவருக்கு முந்தியே போய்விட்டார்.

செல்லாது என்றார் பெத்தரம்.
தொகையில்லை, சாட்சியில்லை,
அவன் அவருக்கு எதுவும் கடன்படவும் இல்லை.

தெரியும் என்றேன்.
இப்போது காப்பவர் நாற்காலியில் நான்.
குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்:
கத்தரிப்பவர்கள் தங்கும் அறையின் கூரையைப் பழுது பார்ப்பது.
லாக்லன் வந்தால், எத்தனை நாளானாலும்,
அங்கே தங்கிக்கொள்வது.
அப்புறம் ஹியூவின் கோட்டில் என் பேரை எழுதினேன்.
அவர் கையெழுத்திட்டதை நான் பார்க்கவில்லை.
சாட்சியாகும் தகுதியும் எனக்கில்லை.

தாளைக் கால்கூர்லிச் சுரங்க முகாமுக்கு அனுப்பினேன்.
பெத்தரம் ஒன்றும் சொல்லவில்லை.
பதினைந்து நிமிடத்துக்கு மட்டும்
பில் வந்தது.